ஒருமுறை மட்டும் வாக்களித்தவர்கள்



2024 ஜூலை 4 ஆம் திகதி இந்நாட்டில் பொதுத் தேர்தல் நடைபெற்றபோது நமது பங்கு மண்டபம் வாக்களிப்பு நிலையமாக இருந்ததை நீங்கள் அறிவீர்கள். காலைத் திருப்பலியை முடித்து நான் வெளியே வந்தவேளை, நம் பங்கைச் சேர்ந்த முதிய தாயார் ஒருவர் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வரிசை நீளமாக இல்லை. எனினும் அவர் உள்ளே போகாமல் நின்றார். அருகில் சென்று நலம் விசாரித்தேன். "சாமி, எங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு தடவதான் ஓட்டுப் போட்டாரு. அப்புறம் சாகிற வரைக்கும் அவருக்கு ஓட்டே இல்ல" என்றார். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து அறையில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்து, அங்கிருந்தும் பெயர்ந்து, இறுதியில் மகனோடு இலண்டன் வந்து சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் வாக்களித்த அந்த ஒரு தடவை எது என்பது எனக்கு உடனே விளங்கியது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1947 ஆம் ஆண்டு நடைபெற்ற பொதுத் தேர்தல் அது. அன்றிலிருந்து அத்தேர்தலைப் பற்றி உங்களுக்கு எழுதவேண்டுமென்று எண்ணியிருந்தேன். பங்குப் பணிகளிடையே தள்ளிப்போய்விட்டது.

நம்மில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம், மன்னார், வன்னி ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். நம் வீடுகளில் 1947 என்றால் ஒரே ஒரு கதைதான் சொல்லப்படும். அது ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் வெற்றிக் கதை. என் ஐயா குருநகரில் கடற்றொழில் செய்தவர். அந்த ஆண்டில் அவருக்கு வயது இருபத்தைந்து. வாக்களிப்பு நாளன்று கடலுக்குப் போகாமல் நின்றதையும், பொன்னம்பலத்தாரின் பேச்சைக் கேட்கச் சனம் திரண்டதையும் அவர் தம் இறுதிக் காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதை பொய்யன்று. ஆனால் அது முழுக் கதையுமன்று.

சற்றுப் பின்னே சென்று தொடங்குகிறேன். 1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அறைகூவலை ஏற்று வடக்கு பகிஷ்கரித்தது. முழுமையான சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்பதே அவர்களின் நிலைப்பாடு. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அதே வாக்குரிமை தோட்டத் தொழிலாளரையும் சென்றடைந்தது, ஆனால் நிபந்தனைகளோடு. இந்நாட்டையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர், அல்லது ஐந்தாண்டுகள் வாழ்ந்து இங்கேயே குடியிருக்கும் எண்ணமுடையவர் என்று காட்டவேண்டியிருந்தது. எவ்வாறாயினும் பிரித்தானியக் குடிமக்கள் என்ற முறையில் அவர்களுள் பெருந்தொகையினர் வாக்காளராயினர். அறுவடைக் காலத்துக்கு வந்து திரும்பும் கூலிகளாக மட்டும் கருதப்பட்டவர்கள் முதன்முறையாக எண்ணிப் பார்க்கவேண்டிய மனிதராயினர். அந்த எண்ணிக்கையே பிற்பாடு அவர்களுக்கு வினையாயிற்று.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944 டிசம்பரில், சோல்பரி பிரபுவின் தலைமையில் மூவர் கொண்ட ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. சட்டசபையில் சிங்களவருக்குப் பாதி, ஏனைய இனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதி என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையைப் பொன்னம்பலம் அவர்கள் அதன்முன் வைத்தார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைல் பரப்புக்கு மேலும் ஓர் ஆசனம் என்று கணக்கிட்டது. சனத்தொகை குறைந்த பரந்த மாகாணங்களுக்கு இதனால் சிறிது சலுகை கிடைத்தது. இவ்வாறு தெரிவுசெய்யப்படுவோர் 95, நியமிக்கப்படுவோர் 6, ஆக 101 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை. வடக்குக்கு ஒன்பது ஆசனங்கள், கிழக்குக்கு ஏழு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: மலைநாட்டுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டபோது தோட்டத் தொழிலாளரின் தலைகளும் அந்த எழுபத்தையாயிரங்களில் சேர்த்தே எண்ணப்பட்டன. இதை மறந்துவிடாதீர்கள், மீண்டும் இவ்விடத்துக்கு வருவேன்.

அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவில் ஒரு காப்பு வாசகமும் எழுதப்பட்டது. எந்த ஓர் இனத்தவரையும் மதத்தவரையும் மட்டும் பாதிக்கும் இயலாமைகளைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்பதே அதன் சாரம். சிறுபான்மையினர் அனைவரும் அந்தச் சில வரிகளை நம்பியே சுதந்திரத்துக்குள் பிரவேசித்தனர்.

1945 நவம்பரில் அன்றைய அரசாங்க சபை இத்திட்டத்தை 51 க்கு 3 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. அவ்வேளை பொன்னம்பலம் அவர்கள் இந்த இலண்டன் மாநகரில் தம் கோரிக்கைக்காக அலைந்துகொண்டிருந்தார். அங்கே சபையில் இருந்த வடபுலத் தமிழ் உறுப்பினர்கள் ஆதரவாகவே வாக்களித்தனர். அவர்களுள் முதன்மையானவர் உள்நாட்டு அமைச்சராயிருந்த அருணாசலம் மகாதேவா, சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மைந்தர். ஆகவே 1947 இல் யாழ்ப்பாணத் தொகுதியில் மகாதேவாவை எதிர்த்துப் பொன்னம்பலம் நின்றபோது, அது இரு மனிதருக்கிடையிலான போட்டியாக மட்டும் இருக்கவில்லை. 'நம்மைக் கேளாமல் ஏன் சம்மதித்தீர்கள்?' என்று மக்கள் கேட்ட கேள்வியாகவும் இருந்தது.

1947 ஜூனில், புதிய பாராளுமன்றம் கூடியதும் பொறுப்பாட்சி பற்றிய உடன்பாடுகள் செய்யப்படும் என்று பிரித்தானிய அரசு அறிவித்தது. வாக்களிப்பு ஆகஸ்ட் 23 இல் தொடங்கிச் செப்டெம்பர் 20 வரை, தொகுதி தொகுதியாக வெவ்வேறு நாள்களில் நிகழ்ந்தது. மருதமடு அன்னையின் ஆவணித் திருவிழா முடிந்து எட்டே நாள்கள். அந்தத் திருவிழா நாளிலேயே பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியா சுதந்திரமடைந்திருந்தது. மடுவுக்கு வந்திருந்த தோட்டத்து அடியார்கள் எந்த நாட்டின் விடுதலையை எண்ணி மகிழ்ந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. இரண்டையும் எண்ணியிருக்கலாம். இரண்டு பக்கமும் உறவு வைத்திருப்பது குற்றமென்று அதுவரை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முடிவுகள் வந்தன. யாழ்ப்பாணத்தில் மகாதேவா பெருந்தோல்வி கண்டார். தமிழ்க் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது: யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம், காங்கேசன்துறையில் செல்வநாயகம், கோப்பாயில் வன்னியசிங்கம், வட்டுக்கோட்டையில் கனகரத்தினம், பருத்தித்துறையில் இராமலிங்கம், சாவகச்சேரியில் குமாரசுவாமி, திருகோணமலையில் சிவபாலன். வவுனியாவில் சுந்தரலிங்கமும் மன்னாரில் சிற்றம்பலமும் சுயேச்சைகளாக வந்தனர். மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி முதலிய தொகுதிகளைக் கைப்பற்றியது. நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். தலவாக்கலையில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்தில் பிறந்த கவிஞர். நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட தாயாரின் தகப்பனார் தம் ஒரே வாக்கை இட்டது அந்தத் தொகுதியில்தான்.

டி. எஸ். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 ஆசனங்கள் மட்டுமே, பெரும்பான்மை இல்லை. கொழும்பில் ஸ்ரீ நிசங்கவின் 'யமுனா' என்ற இல்லத்தில் எதிரணியினர் ஒன்றுகூடி மாற்று அரசாங்கம் அமைக்க முயன்றனர். சமசமாஜக்காரரும் தமிழ்க் காங்கிரஸாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பேசிய அம்முயற்சி கைகூடவில்லை. சுயேச்சைகளையும் நியமன உறுப்பினர்களையும் சேர்த்துச் சேனாநாயக்கா அரசாங்கம் அமைத்தார். சுந்தரலிங்கமும் சிற்றம்பலமும் அமைச்சராயினர். நவம்பர் 11 ஆம் திகதி பிரித்தானியாவுடன் உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம்.

பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றிருந்தன என்பதைப் புதிய அரசாங்கம் கவனித்திருந்தது. (அக்காலத்தில் நமது திருச்சபையும் இடதுசாரிகளை எதிர்த்தே நின்றது. மார்க்சியத்தைப் பற்றிய அச்சம் நம் பெரியவர்களின் கண்களை வேறெதையும் பாராதபடி கட்டியிருந்ததோ என்று எனக்கு ஐயமுண்டு.) 1948 ஆகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜையாவதற்கு அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். சிங்களக் கிராமத்தவரிடமோ யாழ்ப்பாணத்தவரிடமோ எவரும் அத்தாட்சி கேட்கப்போவதில்லை. லயத்து அறையில் வாழ்பவரிடம்தான் கேட்பார்கள். அவரிடம்தான் அது இராது.

தமிழ்க் காங்கிரஸ் அச்சட்டமூலத்தை எதிர்த்தது. ஆனால் அடுத்த மாதமே பொன்னம்பலம் அவர்கள் சேனாநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சராகச் சேர்ந்தார். நவம்பர் 15 ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு முடிவதற்குள் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கான இரண்டாம் சட்டமூலம் வந்தபோது, ஓராண்டுக்கு முன் மக்கள் எதிரணியில் அமரும்படி அனுப்பிய தலைவர் அரசாங்கப் பக்கத்தில் இருந்தார். சுந்தரலிங்கம் அமைச்சுப் பதவியைத் துறந்தார். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் தலைவரைப் பிரிந்து எதிர்த்து நின்றனர். இன்று அவர்கள்மேல் விழும் அடி நாளை நம்மேலும் விழும் என்று வாதிட்டனர். அந்தப் பிரிவிலிருந்துதான் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அவ்வாண்டிலேயே தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டன.

பொன்னம்பலம் அவர்களை நான் இகழ வரவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவை அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை. அவற்றால் வாழ்ந்த குடும்பங்கள் இந்தப் பங்கிலும் உண்டு. கடற்றொழில் அமைச்சர் நம்மவர் என்ற பெருமை குருநகரில் எங்கள் வீட்டிலும் இருந்தது. உள்ளே இருந்துகொண்டுதான் எதையாவது பெறமுடியும் என்ற அவரது கணிப்பில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறையில் என்ன நடந்தது தெரியுமா? மலையகத் தமிழரின் வாக்குக்காகத் தம் கட்சியையே உடைத்துக்கொண்டு வெளியேறிய செல்வநாயகம் அவர்களை, அத்தொகுதித் தமிழ் மக்களே தோற்கடித்தனர். ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனைத் தெரிவுசெய்தனர். கோப்பாயும் திருகோணமலையும் மட்டுமே தமரசுக் கட்சிக்கு வாக்களித்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் மகாதேவாவைத் தண்டித்த யாழ்ப்பாணம், தோட்டத்துச் சனங்களின் வாக்குப் பறிபோனதற்காக எவரையும் தண்டிக்கவில்லை. தலைவர்கள் காட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்லி நாம் கைகழுவ முடியாது. அந்தத் தேர்தலில் வாக்கு நம் கையில் இருந்தது.

மலைநாட்டில் 1952 இல் நடந்ததைக் கேளுங்கள். தொழிலாளரின் தலைகளையும் எண்ணி ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் என்று முன்னர் சொன்னேனல்லவா? தலைகள் இடாப்பிலிருந்து நீங்கின, ஆசனங்கள் நீங்கவில்லை. அவற்றை எஞ்சியிருந்த வாக்காளர், பெரும்பாலும் கண்டிச் சிங்களவர், நிரப்பினர். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா எங்கும் இலங்கை இந்தியக் காங்கிரஸின் பிரதிநிதி ஒருவரேனும் திரும்பி வரவில்லை.

இனி இலண்டனுக்கு வருகிறேன். 29 ஆம் பிரிவு என்ற காப்பு இருந்ததே, அது என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கோடக்கன்பிள்ளை என்பவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் சேரவேண்டும் என்று மீளாய்வு அலுவலர் முடிவு செய்தார். பதிவு அலுவலரான முதநாயக்க அதற்கு எதிராக வழக்காடினார். இலங்கை உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கோடக்கன்பிள்ளையின் மேன்முறையீடு, அக்காலத்தில் டவுனிங் வீதியில் கூடிய பிரிவிக் கவுன்சிலுக்கு, நம்மவர் கோமறைக் கழகம் என்று சொல்லும் மன்றுக்கு, வந்தது. 1953 இல் அது தள்ளுபடியாயிற்று. ஒரு நாடு தன் பிரஜைகள் யாரென வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான உரிமை, அதில் இனப் பாகுபாடு இல்லை என்றனர் நீதிபதிகள். இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம், அவர்கள் பிரஜையாவதற்குத் தகுந்தவர்களா என்ற கேள்வியோடு தொடர்புடையதே என்றும் கருதினர். இடம்பெயரும் வழக்கம்! யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து இலண்டன் என்று பெயர்ந்த நாம் அச்சொற்களைச் சற்று நின்று வாசிக்கவேண்டும். 2009 இல் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாக நீங்கள் நின்றபோது உங்கள் எதிரே இருந்த மிடில்செக்ஸ் கில்ட்ஹால் என்ற கட்டடத்துக்குத்தான், அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் அந்த மன்றமும் இடம் மாறியது.

சோல்பரி பிரபு பிற்காலத்தில், அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் உறுதியாகப் பொறிக்காமல் விட்டதற்காக வருந்தி எழுதினார். காலங்கடந்த வருத்தம். அவருடைய மூத்த மகன் யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளின் சீடராகி, சந்தசுவாமி என்ற பெயருடன் ஈழத்தில் வாழ்ந்தார் என்பதும் வரலாற்றின் ஒரு விசித்திரம்.

எண்பதுகளின் பிற்பகுதியில், குருத்துவம் பெற்ற புதிதில், வன்னிப் பங்கொன்றில் உதவிப் பங்குக்குருவாக இருந்தேன். அதற்கு முன் அம்பிட்டிய தேசிய குருமடத்தில் படித்த ஆண்டுகளில் மலையக மக்களை நாள்தோறும் கண்டிருந்தேன். கண்டேனேயன்றி அவர்களுக்கு நாடு இல்லை என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. வன்னியில் ஒருநாள் மாலை ஒரு முதியவர் வந்து, தம் தகப்பனாரின் திருமுழுக்குப் பதிவைத் தேடித் தருமாறு கேட்டார். ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று 1964 இல் பங்கிட்டிருந்ததல்லவா? அதில் எந்தப் பக்கமும் சேராமல் எஞ்சியவர் அவர். தகப்பன் இந்நாட்டில் பிறந்தவர் என்று காட்ட அவரிடம் வேறு கடதாசி எதுவும் இல்லை. "ஆற்றங்கரையில ஒரு சின்னக் கோயில் சாமி, பெரிய துரை காலத்துல" என்பதுதான் அவர் தந்த அடையாளம். நாங்கள் இரண்டு மூன்று பங்குகளுக்கு எழுதினோம். பதிவு கிடைக்கவில்லை. அவர் வந்து கேட்பதை நிறுத்திய பிறகு நானும் தேடுவதை நிறுத்திவிட்டேன். அவர் எப்போது இறந்தார் என்பதை நான் கேட்டறியவுமில்லை.

நாடற்றோர் என்ற நிலையை இலங்கைச் சட்டம் முழுமையாக முடிவுக்குக் கொண்டுவந்தது 2003 ஆம் ஆண்டில். 1948 இலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

உங்களுள் பலர் பிரித்தானியக் கடவுச்சீட்டுப் பெறுவதற்கு முன்பே இந்நாட்டில் வாக்களித்திருக்கிறீர்கள். பொதுநலவாய நாட்டுப் பிரஜை சட்டப்படி இங்கு வசித்தால் வாக்களிக்கலாம் என்பது இந்நாட்டு வழக்கம். பாட்டன் எங்கே பிறந்தார், பூட்டன் எங்கே பிறந்தார் என்று வாக்களிப்பு நிலையத்தில் எவரும் கேட்பதில்லை. அன்று அந்தத் தாயார் வெளியே வந்தபோது அவரிடம் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை. தகப்பனாரின் பெயரைக் கேட்டேன். சொன்னார், தோட்டத்தின் பெயரையும், மலைப்பிரிவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

நவம்பர் மாதம் இறந்தோரின் மாதம். இவ்வாண்டு நவம்பர் 15 ஆம் திகதிக்கு அண்மித்த ஞாயிறு மாலைத் தமிழ்த் திருப்பலியை, நாடின்றி இறந்த மலையக உறவுகளுக்காக ஒப்புக்கொடுக்கவிருக்கிறேன். உங்கள் குடும்பத்திலோ, மணவழி உறவிலோ, வன்னியில் உங்கள் அயலிலோ அப்படி இறந்தவர்கள் இருந்தால், அவர்களின் பெயரையும், தெரிந்தால் தோட்டத்தின் பெயரையும், ஆலய வாசலில் வைக்கப்படும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் உறவுமுறையை எழுதுங்கள். அதன் முதல் வரியில் அந்தத் தாயாரின் தகப்பனாரின் பெயரை, அவருடைய அனுமதியோடு, நானே எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில், வன்னியில் என்னிடம் பதிவு கேட்டு வந்த அந்த முதியவர்.

உங்கள் பங்குத்தந்தை